இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் சார்ஜ்

காலை ஒன்பது மணிக்கு வண்டிக் கதவைத் திறந்து குனிந்தபோதுதான் நான் செய்து வைத்திருந்த காரியம் எனக்கே தெரிந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சுவிட்ச் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழு. ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பேப்பர் எடுக்கப் போன நான், வாசல் கம்பத்தில் தொங்கிய வயரை எடுத்து வண்டியின் மூக்கில் சொருகிவிட்டு வந்திருந்தேன். சுவிட்சைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் வண்டிக்கு மின்சாரம் கொடுக்காதவர் யாரும் கிடையாது. வீட்டுக்கு வீடு வாசலில் அதற்கென்றே ஒரு கம்பம் நிற்கும். என்ஜினுக்குள் இருக்கும் குட்டி ஹீட்டரை இரண்டு மணி நேரம் சூடாக்கினால்தான் இந்தக் குளிரில் வண்டி கண் விழிக்கும். முப்பது வருஷமாக என் கை இந்த வேலையைச் செய்கிறது, என்னைக் கேட்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறந்திருந்தால் அவருடையதையும் சொருகிவிட்டு வருவோம். ஆனால் எங்கள் வண்டியில் இப்போது என்ஜின் இல்லை.

என் கணவன் எஸ்கோ அதைக் கழற்றி எறிந்து ஒரு வருஷம் ஆகிறது. பதினெட்டு வயது வண்டி. சிவப்பு நிறம் என்பதால் மான்சிக்கி என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் பக்கம் சிவப்பு மாட்டுக்கு வைக்கிற பெயர். பெட்ரோல் விலை ஏற ஏற மான்சிக்கிக்குத் தீனி போட்டு மாளவில்லை. புது மின்சார வண்டியெல்லாம் எங்களுக்குக் கடை ஜன்னலில் பார்ப்பதோடு சரி. எஸ்கோ வேலை பார்த்த காகித ஆலை மூடியபோது அங்கிருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் அவனே ஓட்டிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டின் மோட்டார் இரும்பு விலைக்குக் கிடைத்தது. பேட்டரி, விபத்தில் நசுங்கிய ஒரு மின்சார வண்டியிலிருந்து வந்தது. பழைய இரும்புக் கடைக்காரன் முன்பாதியைக் காட்டாமல் பின்பாதியை மட்டும் விற்றான்.

புதிதாக வாங்க வேண்டிய எதையும் எஸ்கோ வாங்காமல் தப்பிக்கப் பார்த்தான். சார்ஜ் செய்ய நல்ல பிளக் வைக்க வேண்டும். அவன் பம்பரில் இருந்த பழைய ஹீட்டர் பிளக்கையே வைத்துக்கொண்டான். பேட்டரி குளிர்ந்திருந்தால் சார்ஜைத் தானே நிறுத்திவிடும் ஒரு சின்ன சர்க்யூட் பலகை உண்டு; அதை வாங்காமல் ஒரு சுவிட்ச் வைத்தான். பக்கத்தில் டேப் ஒட்டி பேனாவால் எழுதினான்: இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் சார்ஜ். முதலில் இடப்பக்கம் தள்ளினால் பேட்டரிக்கு அடியில் உள்ள பாய் சூடாகும். மூன்று மணி நேரம் கழித்து, பேட்டரி வெதுவெதுப்பான பிறகுதான் வலப்பக்கம்.

"உறைஞ்சு கெடக்கிற பேட்டரில கரண்ட்டை ஏத்தினா அது உள்ள போகாது விர்பி," என்று அவன் எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பான். "உள்ளுக்குள்ளயே ஊசி ஊசியா உலோகம் படியும். ஒரு ஊசி குத்தினா போதும், மொதல்ல தித்திப்பா ஒரு வாசனை, அப்புறம் தீ. அன்னைக்கே பத்தலாம். ஒரு மாசம் கழிச்சும் பத்தலாம். பத்தாமலே போனாலும் போகலாம்."

"அப்போ நீ செய்யிறது வண்டியா, லாட்டரியா?"

"நீ சுவிட்சைப் பாத்தா வண்டி."

நான் பார்க்கவில்லை. மைனஸ் இருபத்தேழில், மூன்று மணி நேரம், வலப்பக்கம்.

சுவிட்சை இடப்பக்கம் தள்ளினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. கிளம்புவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கொஞ்சமாவது சூடாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே போய் எஸ்கோவிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. சமையலறைக்குள் நுழைந்தபோது அவன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான். நாற்காலியில் என் தங்கை கல்யாணத்துக்குப் போட்ட ஸ்வெட்டர் தொங்கியது.

"நகரத்துல பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கான்," என்றான், தாடையை ஒரு பக்கம் இழுத்தபடி. "நேரத்துக்குப் போகணும். மாத்தின வண்டிய ரோட்டுல விடலாமான்னு பரிசோதனை பண்றவன் எதைக் கேட்டாலும் காகிதம் இருக்கு, எல்லாம் ஃபைல்ல வச்சிருக்கேன். ஏன் இப்படி நிக்கிறே?"

"குளிரு," என்றேன்.

சுவிட்சை மறைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லாவிட்டால் நீங்கள் என்னைப் பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள்.

ஆலை மூடிய வருஷம் எஸ்கோ சோபாவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதலில் மத்தியானத்தில். பிறகு காலையிலும். கோபமில்லை, அழுகையில்லை, குடியும் இல்லை. கூப்பிட்டால் "ம்" என்பான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். சுவரில் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட், அவ்வளவுதான். நவம்பரில் ஒருநாள், வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனான். வேட்டைக்குப் போகிறவன் தோட்டாவும் ஃபிளாஸ்க்கும் பையும் எடுத்துக்கொண்டு போவான். அவன் ஃபிளாஸ்க் எடுக்கவில்லை, பை எடுக்கவில்லை. இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, அவன் எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். மறுநாள் அவன் குளிக்கப் போனபோது அந்த அலமாரிச் சாவியை எடுத்து ரை மாவு டப்பாவின் அடியில் புதைத்தேன். எஸ்கோ ஒருநாளும் ரொட்டி சுட்டவன் இல்லை. சாவி எங்கே என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தச் சுவரிலிருந்து அவனைத் திருப்பியது இந்த வண்டி. மோட்டாரை ஏலத்தில் எடுத்த அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டான். அடுத்த நாள் கராஜில் விளக்கு எரிந்தது. நான் ஜன்னலில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மின்சாரம் ஓடுகிற இடத்தில் வேலை செய்யும்போது அவனுக்கு ஒரு பழக்கம், ஆலையில் கற்றது: இடது கையைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். வேலையெல்லாம் வலது கைக்குத்தான். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கைதான் என்றால் நெஞ்சு தப்பும் என்பான். கராஜில் அவன் ஒற்றைக் கையோடு குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி வரும். நெஞ்சைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற ஆளாக இருக்கிறானே என்று.

இப்போது சவரம் செய்து, ஸ்வெட்டர் மாட்டி, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி நிற்கிறவனிடம் போய், "உன் ஒரு வருஷ உழைப்பை நான் கெடுத்துட்டேன்" என்று எப்படிச் சொல்வது? பத்தாமலே போனாலும் போகலாம் என்று அவனே சொல்லியிருக்கிறான். நான் அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்கினேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஹில்க்கா அக்கா வந்து சேர்ந்தாள். அடுத்த வீடு, எழுபத்திரண்டு வயது, தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள். நகரத்தில் கண் டாக்டரிடம் போக வேண்டும், பஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான். தலையில் இரண்டு தொப்பி, மூக்கு வரை மஃப்ளர், கையில் ஒரு பை.

"அக்கா, இன்னைக்கு வேண்டாமே," என்றேன் வாசலிலேயே. "வண்டியில ஹீட்டர் சரியில்ல. குளிர்ல விறைச்சுப் போவீங்க."

"நாப்பது வருஷம் சைக்கிள்ல தபால் குடுத்தவ நான். என்னையா குளிர்னு மிரட்டுறே?" அவள் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். "எஸ்கோ தம்பி! உன் கரண்ட் மாட்டுல ஒரு கிழவிக்கு எடம் இருக்கா?"

"மான்தோல் போட்டு வச்சிருக்கேன் அக்கா, ராணி மாதிரி வாங்க," என்றான் எஸ்கோ. அவன் அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது. நான் வண்டியின் மூக்கிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

ஹில்க்கா அக்கா பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவளுடைய முதுகுக்கு அரை அடி பின்னால், டிக்கியில், இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி இருந்தது.

ஏரியைச் சுற்றிப் போனால் நகரம் அறுபத்து நாலு கிலோமீட்டர். இந்தக் குளிரில் ஒரு சார்ஜுக்கு மான்சிக்கி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் ஏரி மேல்தான் போக வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை உறைந்த ஏரியின் மேல் சாலை போட்டிருப்பார்கள், அக்கரைக்கு ஏழு கிலோமீட்டர். ஐஸ் எழுபது சென்டிமீட்டர் என்று கரையில் பலகை சொன்னது. ஐஸுக்கு நான் பயப்படவில்லை. சின்ன வயதிலிருந்து பழகியது.

கரையிலிருந்து இறங்கும்போதே மூன்று பேரும் வழக்கம்போல சீட் பெல்ட்டைக் கழற்றினோம். ஏரி மேல் யாரும் பெல்ட் போடுவதில்லை, வண்டி உள்ளே போனால் ஆள் வெளியே வர வேண்டுமே. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, முன்னால் போகிற வண்டிக்கு ஐம்பது மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. டயருக்கு அடியில் பனி நறநறவென்றது, அவ்வளவுதான். எஸ்கோ டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"நேத்து எண்பதுல நிறுத்தி வச்சேன்," என்றான். "இப்போ தொண்ணூத்தாறு காட்டுது. குளிர்ல மீட்டர் பொய் சொல்லுது போல."

"குளிர்ல எல்லாமே பொய்தான் சொல்லும்," என்றேன். சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் நான் இப்படிப் புளுகியதில்லை.

இரண்டாவது கிலோமீட்டர் கம்பம் தாண்டியதும் எனக்கு அந்த வாசனை வந்தது. லேசாக, தித்திப்பாக. அழகு நிலையத்துக்குள் நுழைந்த மாதிரி. ஜன்னல் துடைக்கும் திரவமாக இருக்கும் என்று நினைத்தேன். மூச்சை நிறுத்திப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். போனது. திரும்ப வந்தது. பயத்தில் மூக்கு கற்பனை செய்கிறதா? எஸ்கோவைப் பார்த்தேன். அவனுக்குத் தெரிய வழியில்லை. இருபத்திரண்டு வருஷம் மரக்கூழ் வேகும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றவன், ஆலையை விட்டு வரும்போது மூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். வீட்டில் மீன் கெட்டுப்போனால் நான்தான் சொல்ல வேண்டும்.

முன்னால் ஏரி வெள்ளையாக, முடிவே இல்லாமல் கிடந்தது. அக்கரைக் காடு பென்சில் கோடு போலத் தெரிந்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர். ஏழெட்டு நிமிஷம். ஏழெட்டு நிமிஷம் தாங்காதா என்று கணக்குப் போட்டேன். கரை சேர்ந்ததும் ஏதாவது சொல்லி நிறுத்தச் சொல்லலாம், வாந்தி வருகிறது என்று. அக்காவை இறக்கிவிடலாம். எஸ்கோ டிக்கியைத் திறந்து பார்ப்பான், அவனே கண்டுபிடிப்பான், என்னால் என்று தெரிய வேண்டாம். இப்படியெல்லாம் ஒரு மனுஷி யோசிப்பாளா? யோசித்தேன். பின்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் யோசித்தேன். நெருப்பைவிட எஸ்கோவின் முகம் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அது மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினால், இந்த முறை அதைத் திருப்ப என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

மூன்றாவது கம்பம் போனது.

பின்சீட்டில் ஹில்க்கா அக்கா மஃப்ளரை இறக்கினாள்.

"ஏண்டி விர்பி, கண் டாக்டர்கிட்ட போறது நானு. நகத்துக்குப் பாலிஷ் போட்டிருக்கறது நீயா?"

நான் தோல் கையுறை போட்டிருந்தேன். வாழ்நாளில் நகப் பாலிஷ் வாங்கியவள் இல்லை.

"எஸ்கோ, நிறுத்து."

"இங்க நிறுத்தக் கூடாது."

"நிறுத்து. காலைல நான் வயரைச் சொருகினேன். சுவிட்ச் வலப்பக்கம் இருந்துச்சு. ஆறு மணிலேர்ந்து ஒம்பது வரைக்கும்." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "வாசனை வருது எஸ்கோ. ரெண்டாவது கம்பத்துலேர்ந்தே வருது."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான், அவ்வளவுதான். வண்டி வழுக்காமல் மெல்ல மெல்ல நின்றது.

"ரெண்டு பேரும் இறங்குங்க. ஓடாதீங்க, விழுந்துடுவீங்க. காத்து வர்ற பக்கமா நடங்க, தூரமா. அக்கா, பையை விடுங்க."

"பையில என் கண்ணாடி இருக்குடா!"

"அக்கா!"

அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. ஹில்க்கா அக்கா பையைப் போட்டுவிட்டு இறங்கினாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காற்று முகத்தில் கத்தியாகக் கீறியது. இருபது அடி, நாற்பது அடி, அறுபது. மூன்றாவது ஜோடிக் காலடி கேட்கும் என்று காது கொடுத்தேன். கேட்கவில்லை. திரும்பினேன்.

எஸ்கோ வரவில்லை. போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றான். டிக்கியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, மேலே எழும்பாமல் பனியோடு பனியாக ஊர்ந்தது.

"எஸ்கோ! வா!"

அவன் அசையவில்லை. தலையைக் குனிந்து அந்த மோட்டாரையே பார்த்தான். எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு பனிக்காலம் முழுக்க இருந்தது. நான் ஓடப் பார்த்தேன். ஹில்க்கா அக்கா என் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அந்தக் கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"விடுங்க அக்கா! அவன் வரமாட்டான்! உங்களுக்குத் தெரியாது, அவன் வரமாட்டான்!"

"வருவான். நில்லுடி."

வரமாட்டான் என்று நான் நம்பினேன். ஃபிளாஸ்க் இல்லாமல் காட்டுக்குள் போன அந்த நவம்பர் நாள் கண்முன் வந்தது. இதோ இன்னொரு காடு, நானே கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்போது அவனுடைய இடது கை மெல்லப் பின்னால் போனது. பேன்ட்டின் பின்பாக்கெட்டுக்குள் நுழைந்தது. வலது கை உள்ளே போய், கரண்ட்டைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறக் கட்டையைப் பிடுங்கி எடுத்தது. போனட்டை மூடினான். எரியப் போகிற வண்டியின் போனட்டை மூடுகிற ஆள் உலகத்தில் என் கணவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தான், ஓடாமல், இடது கை இன்னும் பாக்கெட்டிலேயே.

பாதி வழியில் அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம். பெரிய வெடியில்லை, ஈர விறகு அடுப்பில் வெடிக்குமே, அது. பின் கண்ணாடி போனது. அதற்குப் பிறகு மான்சிக்கி எரிந்தது.

தீயணைப்பு வண்டி அக்கரையிலிருந்து வர இருபது நிமிஷமானது. வந்தவர்களும் தள்ளி நின்று பார்த்தார்கள், இது தண்ணீருக்கு அடங்குகிற தீ இல்லை. ஐஸ் தாங்கியது. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. சாலையை அன்றைக்கு மூடப் போகிறார்கள், அறுபது கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று ஒருவன் முணுமுணுத்தான். "ஏன், உனக்கு வெந்நீர் வச்சுத் தரணுமா? நாங்க மூணு பேர் உசிரோட நிக்கிறோம், கண்ணு தெரியலையா?" என்று ஹில்க்கா அக்கா அவன் மேல் பாய்ந்தாள். கண்ணாடி இல்லாமலேயே.

தீயணைப்பு அதிகாரி ஒரு அட்டையும் பேனாவுமாக வந்தார்.

"காரணம் என்னன்னு தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"குளிர்ந்த பேட்டரிய சார்ஜ் பண்ணிட்டேன்," என்றான் எஸ்கோ. "என் தப்பு."

அவர் எழுதிக்கொண்டார். எஸ்கோவின் கையில் ஆரஞ்சுக் கட்டை இன்னும் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

மூன்று மணி வாக்கில் யாரோ எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் எஸ்கோ பேசவில்லை. வீட்டுக்குள் வந்து ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தான். அதில் புகை நாற்றம், அவனுக்குத் தெரியாது. கராஜ் பக்கம் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்தான். நான் காபி போட்டேன், கப்பை அவன் முன்னால் வைத்தேன், மறுபடி அடுப்புப் பக்கம் போய் நின்றேன். அலமாரித் தட்டில் ரை மாவு டப்பா இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். என் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது.

"எஸ்கோ, என்னைத் திட்டிடு. கத்து. எதையாவது தூக்கிப் போட்டு உடை."

அவன் கப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பலகை அறுபது யூரோ," என்றான். "குளிர்ந்தா தானே நிறுத்துற பலகை. மூணு தடவ ஆர்டர் போட்டுட்டு மூணு தடவயும் வேணாம்னு விட்டேன். காலங்காத்தால பேப்பர் எடுக்கப் போறவ கை எங்க போகும்? கம்பத்துக்குத்தான் போகும். இந்த ஊர்ல பொறந்தவன் எனக்கு அது தெரியாதா?" கப்பைப் பார்த்தபடியே, "அக்கா முதுகுக்குப் பின்னால வச்சேன் அந்தப் பேட்டரிய," என்றான்.

"சொல்லியிருக்கணும் நான். ஒம்பது மணிக்கே தெரியும் எனக்கு."

"ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டான். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. என் கண் அலமாரித் தட்டுக்குப் போனது. பதில் தட்டின் மேல் டப்பாவில் இருந்தது.

எஸ்கோ என் கண் போன இடத்தைப் பார்த்தான்.

"சாவி இன்னும் அதுலதானே இருக்கு?"

அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தச் சாவி?"

"விர்பி. நீ ஒளிச்சு வச்ச அன்னைக்கே தெரியும் எனக்கு. டப்பா மேல உன் கைத்தடம் மாவா இருந்துச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. "ஒரு தடவ எடுக்கவும் எடுத்தேன். போன வருஷம், மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி. கையில வச்சுப் பாத்துட்டு திரும்பப் பொதச்சு வச்சுட்டேன். நீ அடுத்த நாள் அந்த மாவுலதான் ரொட்டி சுட்டே."

அந்த ரொட்டியை நான் சாப்பிட்டிருக்கிறேன். வெண்ணெய் தடவி அவனுக்கும் கொடுத்திருக்கிறேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு அங்க, போனட்டத் தொறந்துட்டு நின்னேன்ல..." என்றான். கப்பை மேஜை மேல் வைத்தான். "அந்தச் சாவிய எடுத்து வேற எங்கயாவது வை. எனக்குத் தெரியாத எடத்துல. இந்த வீட்டுல வேணாம். இப்பவே."

"அப்போ அதை..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதே!" அவன் கையை உயர்த்தினான். "எங்கன்னு எங்கிட்ட சொல்லாதே. நீ போ. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

எழுந்தான். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகை நான் ஆலை மூடிய வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். இன்றைக்கு அது எனக்காகத் திரும்பியிருந்தது.

டப்பாவைக் கவிழ்த்தேன். மாவெல்லாம் மேஜை மேல் கொட்டியது. சாவியைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு, கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே வந்தேன். இருட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. முற்றம் முழுக்க மத்தியானம் விழுந்த புதுப் பனி, கால் வைத்தால் தடம் அப்படியே நிற்கும். நேராக நடந்தால் நாளைக் காலையில் அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதனால் முதலில் கிணற்றடிக்கு நடந்தேன், அங்கிருந்து விறகுக் கொட்டகைக்கு, கராஜுக்கு, மின்சாரக் கம்பத்துக்கு, ஏரிக்கரை வரை போய்த் திரும்பவும் வாசலுக்கு. நாலு பக்கமும் என் காலடி ஆன பிறகுதான், சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹில்க்கா அக்கா வீட்டுக்கு ஓடினேன்.